மாஸ்க் விஷயத்தில் மறுபடியும் செய்யக் கூடாத தவறுகள்

2020, 2021 ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தெருக்களில் மாஸ்க் இல்லாத ஆளைப் பார்ப்பது அரிது. அதை ஒழுங்காக மூக்கின் மேல் வைத்திருந்த ஆளைப் பார்ப்பதும் அரிதுதான். தாடைக்குக் கீழே, ஒரு காதில் தொங்கலாக, சட்டைப்பையில், பைக் கண்ணாடியில் என்று எங்கெங்கோ அது இருந்தது. இதற்குக் காரணம் அறியாமை என்று நான் நினைக்கவில்லை. யாருக்குத் தொலைபேசியில் பேசினாலும் முதலில் கொரோனா அறிவிப்புதான் காதில் விழுந்தது. துணிக்கும் பஞ்சமில்லை. திருப்பூர் ஆலைகளும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் தைத்துத் தள்ளின. ரேஷன் கடைகளில் ஆளுக்கு இரண்டு வீதம் இலவசமாகவே கொடுத்தார்கள்.

கையில் மாஸ்க்கும் இருந்தது, காதில் செய்தியும் விழுந்தது. பிறகும் அது மூக்குக்கு ஏறவில்லை என்றால், கோளாறு நாம் அதைப் பார்த்த பார்வையில் இருக்க வேண்டும். மாஸ்க் என்பது நாம் மூச்சுவிடும் காற்றைப் பற்றிய காரியம். நாமோ அதைப் போலீஸ் விவகாரமாகவும் மரியாதைப் பிரச்சினையாகவும், ஒருவருக்கொருவர் வைத்திருக்கும் நம்பிக்கைக்கான சோதனையாகவும் மாற்றிக்கொண்டோம். மூச்சுவழி பரவும் நோய் இன்னொன்று வரத்தான் போகிறது. அப்போது இதே தவறுகளைச் செய்யாதிருக்க இப்போதே பேசிவிடுவது நல்லது.

யார் பார்க்கிறார்கள் என்று பார்த்து அணிவது

மாஸ்க் அணியாதவர்களுக்கு 200 ரூபாய் அபராதம் என்று 2020 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. 2022 ஜனவரியில் அது 500 ரூபாய் ஆனது. டெல்லியில் 2020 நவம்பரிலேயே 2,000 ரூபாய் வரை போனார்கள். நெருக்கடி நேரத்தில் அரசு அப்படிச் செய்ததைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அபராதம் ஒரு தவறான பாடத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தது. காவலர் நிற்பது சாலைச் சந்திப்பில். அதனால் திறந்த வெளியில், வண்டியில் தனியாகப் போகும்போது மாஸ்க் மேலே ஏறியது. குளிர்சாதன அறைக்குள்ளோ கல்யாண மண்டபத்துக்குள்ளோ நுழைந்து நாலு பேருடன் உட்கார்ந்ததும் அது கீழே இறங்கியது. ஆபத்து இருந்ததோ நேர்மாறான வரிசையில்.

மூச்சுவிடும்போதும் பேசும்போதும் மிக நுண்ணிய துளிகள் வெளிவருகின்றன. வெட்டவெளியில் அவை காற்றில் கலைந்துபோகும். சன்னல் அடைத்த அறையில் அவை மிதந்தபடியே சேர்ந்துகொண்டு போகும். கிருமி காற்றில் பரவுவதில்லை என்று 2020 மார்ச்சில் அடித்துச் சொன்ன உலக சுகாதார நிறுவனம், அது காற்றுவழியும் பரவுகிறது என்பதைத் தெளிவாக ஏற்க 2021 வரை ஆனது. அதற்குள் ஆறடி தள்ளி நின்றால் போதும், உட்கார்ந்த பிறகு கழற்றிவிடலாம் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் ஊறிவிட்டது.

மாஸ்க்கைத் தொடும்போது மனத்தில் வரவேண்டிய கேள்விகள் சில உண்டு. அறை மூடியிருக்கிறதா? எத்தனை பேர் இருக்கிறார்கள்? எவ்வளவு நேரம் இருக்கப் போகிறோம்? உரக்கப் பேசுகிறார்களா, பாடுகிறார்களா? பூங்காவில் தனியாக நடப்பவர் கழற்றிவிட்டுத் தாராளமாக மூச்சு விடலாம். ஒன்றரை மணி நேரம் கதவடைத்துக் கூட்டம் போடுகிறவர்கள் கழற்றக் கூடாது.

“நம்ம ஆளுதானே” என்று கழற்றுவது

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தத் தவறுதான். ஏனென்றால் இது அன்பிலிருந்து பிறக்கிறது.

முகத்தை மூடிக்கொண்டு பேசுவது நமக்கு விலகலாகப் படுகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர் மாஸ்க்குடன் நின்றால் ஒட்டாமல் நிற்கிறார் என்று தோன்றும். கல்யாண மேடை ஏறியதும் “போட்டோவுக்காவது கழற்றுங்கள்” என்பார்கள். பெரியப்பா எதிரில் போட்டிருந்தால், “என்னிடமிருந்து உனக்கு என்ன வந்துவிடப் போகிறது?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் கழற்றியவர்கள் எத்தனையோ பேர். மாஸ்க் என்றால் “உன்னைச் சந்தேகிக்கிறேன்” என்று பொருள் ஆகிவிட்டது. அந்நியர்களைச் சந்தேகிக்க மட்டுமே நமக்கு உரிமை உண்டு. ஆகவே அந்நியர் முன் போட்டுக்கொண்டு உறவினர் முன் கழற்றினோம்.

கிருமிக்கு உறவு தெரியாது. நேரம்தான் தெரியும். கடைக்காரருடன் நாம் நிற்பது இரண்டு நிமிடம். அத்தையுடன் உட்கார்வது அரைநாள். அதோடு, கொரோனா தொற்றியவர் காய்ச்சல் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பிறருக்குப் பரப்பக் கூடியவராக இருந்தார். “எனக்கு ஒன்றுமில்லை” என்று அவர் சொன்னது முழு உண்மை, அவர் அறிந்த அளவில். 2021 ஏப்ரல் 26 அன்று நிதி ஆயோக் உறுப்பினர் வி.கே.பால், வீட்டுக்குள்ளும் மாஸ்க் அணியும் காலம் வந்துவிட்டது என்றார். பலருக்கு அது மிகையாகப் பட்டது. அடுத்த மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியானது. குடும்பம் குடும்பமாகப் படுத்தார்கள்.

இதன் இன்னொரு வடிவம், பேசுவதற்காக மாஸ்க்கை இறக்குவது. வாயை மூடியிருந்த நேரமெல்லாம் மாஸ்க் மேலே இருக்கும், பேசத் தொடங்கியதும் கீழே வரும். குரல் உயர உயர வெளிவரும் துளிகளும் கூடுகின்றன. காது மந்தமான பாட்டியிடம் மாஸ்க்கை இறக்கி, காதருகே குனிந்து, உரத்த குரலில் பேசுவது எவ்வளவு ஆபத்தான பாசம்! அவருக்கு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டலாம். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் செவித்திறனற்றவர்களுக்கு மாஸ்க் உண்மையிலேயே பெரிய தடையாக இருந்தது. வாய்ப் பகுதியில் தெளிந்த பிளாஸ்டிக் வைத்துத் தைத்த மாஸ்க்குகள் அவர்களுக்காகவே வந்தன. ஆனால் போதுமான அளவு பரவவில்லை. பள்ளிகளிலும் வங்கி முகப்பிலும் அவை இருந்திருக்க வேண்டும்.

உறவினர் முன் எப்படிப் போட்டுக்கொள்வது? காரணத்தை உங்கள் பக்கம் வைத்துச் சொல்லுங்கள். “எனக்குத் தொண்டை லேசாகக் கரகரக்கிறது சித்தி, உங்களுக்கு வந்துவிடக் கூடாது.” “பஸ்ஸில் நெருக்கியடித்து வந்திருக்கிறேன் மாமா, இரண்டு நாள் போகட்டும்.” இப்படிச் சொன்னால் நம் வீடுகளில் அது அக்கறையாகவே எடுத்துக்கொள்ளப்படும். சாதாரண மாஸ்க் முதன்மையாகத் தடுப்பது அணிந்தவரின் மூச்சிலிருந்து வெளியேறுவதைத்தான் என்பதால், சொல்வதும் உண்மையாக இருக்கும்.

பதவியும் அனுபவமும் காக்கும் என்று நம்புவது

1910 இறுதியில் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டவர் வூ லியென்-தே என்ற இளம் மருத்துவர். பினாங்கில் பிறந்தவர். நோய் எலி, தெள்ளுப்பூச்சி வழியாக அல்ல, மனிதர் மூச்சு வழியாகவே பரவுகிறது என்று கண்டு, பஞ்சும் வலைத்துணியும் சேர்த்துத் தைத்த மாஸ்க்கை எல்லோரும் அணியச் சொன்னார். அங்கு வந்த பிரெஞ்சு மருத்துவர் மெனி வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர், ஏற்கவில்லை. மாஸ்க் இல்லாமலே நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில், 1911 ஜனவரியில், அதே பிளேக்கால் இறந்தார். அதன் பிறகுதான் ஊரே மாஸ்க் அணிந்தது.

நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து, 2021 ஏப்ரல் 6 வாக்குப்பதிவுக்கு முந்தைய பிரச்சாரக் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். கட்சி வேறுபாடின்றி, ஒலிபெருக்கியைப் பிடித்தவர் முகத்தில் மாஸ்க் தாடையில் இருந்தது. கீழே நின்ற ஆயிரக்கணக்கானோர் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரொட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, தலைவர் என்ன செய்கிறார், தலைமையாசிரியர் என்ன செய்கிறார், பெரிய டாக்டர் என்ன செய்கிறார் என்பதைத்தான் மக்கள் பின்பற்றுகிறார்கள்.

“முதலில் வேண்டாம் என்றார்கள், பிறகு வேண்டும் என்றார்கள்”

உண்மைதான். 2020 தொடக்கத்தில், நலமாக இருப்பவர்களுக்கு மாஸ்க் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஜூன் 5 அன்று, இடைவெளி விட முடியாத இடங்களில் பொதுமக்கள் மூன்றடுக்குத் துணி மாஸ்க் அணியட்டும் என்று மாற்றியது. முதலில் வேண்டாம் என்றபோது, மருத்துவமனை ஊழியர்களுக்கே மாஸ்க் கிடைக்காத நேரம். “அவர்களுக்கு முதலில் வேண்டும், கொஞ்சம் பொறுங்கள்” என்று வெளிப்படையாகக் கேட்டிருந்தால் மக்கள் பொறுத்திருப்பார்கள் என்பது என் திடமான எண்ணம். “உங்களுக்கு அதனால் பயனில்லை” என்ற தொனியில் பேசியது பெரும் பிழை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதை வைத்துக்கொண்டு, இனி இவர்கள் சொல்வது எதையும் கேட்க மாட்டேன் என்று முடிவெடுத்தவர்கள் தங்களுக்கே தீங்கு செய்துகொண்டார்கள்.

ஒரே ஓர் ஆய்வைப் பிடித்துக்கொள்வதும் இதே வகைதான். டென்மார்க்கில் 2020இல் ஏறத்தாழ 6,000 பேரிடம் நடந்த ஆய்வில், மாஸ்க் அணியச் சொல்லப்பட்டவர்களில் 1.8 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 2.1 சதவீதத்தினருக்கும் தொற்று வந்தது. உறுதியாக எதையும் சொல்ல இந்த வித்தியாசம் போதாது. அதுவும், சுற்றியிருப்பவர்கள் பெரும்பாலும் அணியாத ஊரில், அணிந்தவருக்கு மட்டும் என்ன காப்பு என்பதைத்தான் அந்த ஆய்வு பார்த்தது. 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு வெளிவந்தபோது “மாஸ்க் பயனற்றது” என்று பலர் எழுதினார்கள். அது தவறான விளக்கம், சான்றுகள் முடிவாக எதையும் சொல்லவில்லை என்பதே பொருள் என்று காக்ரேனின் தலைமை ஆசிரியரே பிறகு தெளிவுபடுத்தினார்.

நம் நிலைமைக்கு அருகில் வருவது வங்கதேச ஆய்வு. 2020 நவம்பர் முதல் 600 கிராமங்களில், சுமார் 3.4 லட்சம் பெரியவர்களிடையே நடந்தது. இலவச மாஸ்க்கை வீடு தேடிக் கொடுத்தார்கள். இமாம்களும் ஊர்ப் பெரியவர்களும் தாங்கள் அணிந்து காட்டினார்கள். சந்தையில் மாஸ்க் இல்லாமல் வந்தவரிடம் ஒருவர் நேரில் போய்ப் பணிவாக நினைவூட்டினார். ஒழுங்காக அணிபவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தார்கள். சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில், அறிகுறியோடு ரத்தப் பரிசோதனையிலும் உறுதியான தொற்று 11 சதவீதம் குறைந்தது. 60 வயதைக் கடந்தவர்களிடம் 35 சதவீதம். பாதிப்பேருக்கு மேல் அணியாத நிலையிலேயே இவ்வளவு! குறுஞ்செய்திகளும் பரிசுத் தொகைகளும் கூடுதல் பலன் எதையும் தரவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. மனிதர் நேரில் வந்து சொன்னதுதான் எடுபட்டது.

சில கைத்தவறுகள்

மூக்கை விட்டுவிட்டு வாயை மட்டும் மூடுவது வீண், நாம் மூச்சுவிடுவது பெரும்பாலும் மூக்கால். வால்வு வைத்த என்95 உள்ளே வரும் காற்றை வடிகட்டும், வெளியேறும் மூச்சை அப்படியே விட்டுவிடும். 2020 ஜூலையிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் இது குறித்து மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியும் கடைகளில் அதுதான் விலையுயர்ந்த நல்ல மாஸ்க்காக விற்றது. என்95ஐச் சோப்புப் போட்டுத் துவைக்கக் கூடாது. அதன் நடு அடுக்கில் உள்ள மின்னூட்டம்தான் நுண்துகள்களை இழுத்துப் பிடிக்கிறது. துவைத்தால் அது போய்விடும், பார்வைக்கு மட்டும் புதிது போலவே இருக்கும். சர்ஜிக்கல் மாஸ்க் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் பக்கவாட்டு இடைவெளி அப்படியேதான் இருக்கும். ஒன்றைப் போட்டு மேலே துணி மாஸ்க்கைக் கட்டினால் முகத்தோடு ஒட்டும். வியர்வையில் நனைந்ததை மாற்றிவிட வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மாஸ்க் கட்டாயமில்லை. மாஸ்க்கால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்பவர்கள், மணிக்கணக்கில் அதை அணிந்தபடியே அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களைப் பார்த்தால் போதும்.

அணியாதவரை இழிவுபடுத்துவது

சித்திரை வெயிலில் தள்ளுவண்டியோடு நடந்து, கூவி விற்பவருக்கு மாஸ்க் எவ்வளவு பாரம் என்பது குளிர்சாதன அறையில் இருப்பவருக்குத் தெரியாது. மூச்சிரைப்பு உள்ளவர், கண்ணாடி ஆவி படிந்து படி தெரியாமல் போகிறவர், தினக்கூலியில் என்95 வாங்க வழியில்லாதவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. அவர்களை வழிமறித்துத் திட்டி, தோப்புக்கரணம் போடவைத்து, வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். மனம் கொதிக்கிறது. அவமானப்பட்டவர் அடுத்த முறை மாஸ்க் அணிவார் என்பது உறுதியில்லை. காய்ச்சல் வந்தால் வெளியே சொல்லாமல் மறைப்பார், அது நிச்சயம்.

இப்போது காற்று திசைமாறி, அணிந்தவர் இழிவுபடுகிறார். பஸ்ஸில் ஒருவர் மாஸ்க்கோடு ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து உட்கார்கிறார். கீமோதெரபியில் இருப்பவராக இருக்கலாம், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவராக இருக்கலாம், வீட்டில் கைக்குழந்தை வைத்திருப்பவராக இருக்கலாம். இதில் அதிகம் அடிபடுபவர்கள் காசநோயாளிகள். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால்பங்கினர் இந்தியாவில் இருக்கிறார்கள். சிகிச்சையின் முதல் சில வாரங்கள் மாஸ்க் அணியும்படி அவர்களிடம் சொல்லப்படுகிறது. அணிந்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று வீதிக்கு வந்ததும் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. சென்ற பெருந்தொற்றில் வாங்கிய மாஸ்க் இன்னும் எல்லா வீட்டிலும் நாலைந்து கிடக்கும். அரசு மருத்துவமனைப் புறநோயாளிகள் கூடத்துக்குத் துணைக்குப் போகிறவரும் ஒன்றைப் போட்டுக்கொண்டு அருகில் உட்காரட்டும். அந்த வரிசையில் இருமுகிறவர் யார், துணைக்கு வந்தவர் யார் என்று முகத்தைப் பார்த்துத் தேட எவருக்கும் வழியிருக்காது.