லூசான சல்வார் டொப்பை வீட்டிலேயே பிடித்துத் தைப்பது

காத்தான்குடியில் விலையைப் பார்த்து மயங்கி, ஒரு சைஸ் பெரிதாக வாங்கிய டொப் எல்லார் அலுமாரியிலும் ரெண்டு மூன்று கிடக்கும். தீபாவளி, பெருநாள் நெருங்கினால் தையல் கடைகளில் புதுத் துணிக்கே இடமிருக்காது, பிடித்துத் தைக்கிற சின்ன வேலையை யார் வாங்குவார்கள்? மெஷினில் நேராக ஓட்டத் தெரிந்தால் நாமே செய்யலாம்.

முதலில் தோளைப் பாருங்கள். தோள் தையல் கைப்பக்கம் இறங்கி நின்றால் பக்கத்தைப் பிடித்துப் பிரயோசனமில்லை, கையைக் கழற்றித்தான் தைக்க வேண்டும். பழகும் வரைக்கும் அதைத் தொடாதீர்கள். தோள் சரி, உடம்புதான் லூஸ் என்றால் துவைத்துக் காயவைத்து அயன் பண்ணுங்கள். மருதமுனைக் கைத்தறிப் பருத்தி என்றால் இது கட்டாயம், தைத்த பிறகு சுருங்கினால் திரும்பவும் பிரிக்க வேண்டி வரும்.

இனிக் கணக்கு. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். உங்கள் மார்பளவு 36 இஞ்ச், டொப்பின் சுற்றளவு 44 என்று வையுங்கள். எட்டு இஞ்சையும் எடுத்தால் மூச்சுவிட முடியாது. மட்டக்களப்பு வெயிலுக்கு நாலு இஞ்ச் தளர்வு வேண்டும். மிச்சம் நாலு. அதை ரெண்டாகப் பிரித்து ஒரு பக்கத்துக்கு ரெண்டு இஞ்ச் உள்ளே தள்ளிக் கோடு போட்டால் டொப் 36க்கு வந்து இறுகிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு பக்கத்திலும் முன்துணி, பின்துணி என்று ரெண்டு மடிப்பு இருக்கிறது. நாலால் பிரியுங்கள்: பழைய தையலிலிருந்து ஒரு இஞ்ச் உள்ளே, அவ்வளவுதான்.

உட்புறத்தைத் திருப்பி விரித்து, சோக்கால் கோடு போடுங்கள். கையின் நடுவில் பழைய தையலிலேயே தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக விலகி, கமக்கட்டில் ஒரு இஞ்சுக்கு வந்து, இடுப்பு வழியாக இறங்கி, பக்க வெட்டு தொடங்கும் இடத்தில் பழைய தையலோடு சேர வேண்டும். கமக்கட்டில் மூலை வரக்கூடாது, வளைவாகவே திருப்புங்கள். மூலையாகத் தைத்த டொப், கையைத் தூக்கும்போது முழுசாக மேலே இழுபடும்.

கோட்டின்மேல் கையால் நீளநீளமாக நூலோட்டி, போட்டுப் பாருங்கள். உட்காருங்கள், கையைத் தூக்குங்கள். சரி என்றால் மெஷின். கமக்கட்டில் தையல்கள் சந்திக்கும் தடிப்பில் மட்டும் மிதியிலிருந்து உங்கள் காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், ஊசி உடையாது. பிறகு வளைவில் அரை இஞ்ச் விட்டு வெட்டி, நூலைத் தொடாமல் சின்னச் சின்னக் கீறல் போட்டு, ஓரத்துக்குச் சிக்சாக் அடியுங்கள். மற்ற இடத்தில் நான் வெட்டுவதில்லை, உடம்பு வைத்தால் திரும்ப விடலாமே. பழைய தையலை மட்டும் பிரித்துவிடுங்கள். பிரிக்க பிளேட் வேண்டாம், சீம் ரிப்பர் ஒன்று வாங்குங்கள், பிளேட் வழுக்கினால் துணியும் போகும் விரலும் போகும்.

பிறகு சேர்த்தது: பக்கத்தில் சிப் வைத்த டொப்புக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். சிப் பக்கத்தைத் தொடாமல் மறுபக்கத்தில் மட்டும் பிடிக்கலாம், ஆனால் மொத்தம் ஒரு இஞ்சுக்கு மேல் எடுத்தால் முன்பக்க வேலைப்பாடு ஒருபக்கம் சாய்ந்து தெரியும். அதற்கு மேல் என்றால் சிப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.