பிடித்த கையை எப்போது விடுவது? பெருமூளை வாதமுள்ள பிள்ளையின் சமநிலைப் பயிற்சியில் நேரும் தவறுகள்

பெருமூளை வாதம் (செரிபிரல் பால்சி: மூளைப் பாதிப்பால் அசைவும் சமநிலையும் குறைபடும் நிலை) உள்ள பிள்ளையை நிற்கப் பழக்கும்போது வீட்டில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: முன்னால் நின்று, இரண்டு கைகளையும் பிடித்து, மேலே தூக்குவது. அப்படித் தூக்கியதும் பிள்ளையின் பாரம் பாதத்தை விட்டு உங்கள் தோளுக்கு வந்துவிடுகிறது. கை தலைக்கு மேலே போனால் உடம்பு பின்னுக்குச் சாயும், குதிக்கால் கிளம்பும், பிள்ளை முன்விரலில் நிற்கும். தசை இறுக்கம் உள்ள பிள்ளைக்கு ஏற்கெனவே அந்தப் பழக்கம் இருக்கும். அதையே நாமும் ஊட்டி வளர்க்கிறோம். சாயப்போகிற நொடியில் இடுப்பையும் கணுக்காலையும் அசைத்துத் தன்னை மீட்டுக்கொள்வதுதான் சமநிலை. அந்த நொடியே வராதபடி பிடித்துக்கொண்டிருந்தால் பிள்ளை எதைப் பழகும்?

பிடிக்கும் இடத்தைப் படிப்படியாகக் கீழே இறக்குங்கள். அக்குளில் தொடங்கலாம். தலை நிமிர்ந்து நிற்கிறதென்றால் கீழ் விலாவுக்கு வாருங்கள், பிறகு இடுப்பெலும்புக்கு, அதற்கும் பிறகு தொடைக்கு. பிடி கீழே இறங்க இறங்க, மேலே உள்ள உடம்பைப் பிள்ளை தானே பார்த்துக்கொள்ள வேண்டி வரும். ஓரிடத்திலேயே பிடியைத் தளர்த்துவதும் ஒரு படிதான்: முழுக்கை, பிறகு இரண்டு விரல், பிறகு தொடாமல் அருகில் வைத்த கை. ஆடத் தொடங்கியதும் பிடித்துவிடாதீர்கள். ‘ஒன்று, இரண்டு’ என்று மனதில் எண்ணுங்கள். அதற்குள் பிள்ளை தானே நிமிர்ந்தால் அன்றைய பயிற்சியில் அதுதான் பெரிய வெற்றி. கீழே மெத்தை இருக்கட்டும், பின்னால் சுவர் இருக்கட்டும். அறையின் மூலையில், சுவரிலிருந்து ஐந்தாறு சென்ரிமீற்றர் தள்ளி நிறுத்தினால் இரண்டு பக்கமும் பாதுகாப்பு. உங்கள் கைக்கும் ஓய்வு.

முன்னால் வைக்கிற மேசையிலும் ஒரு கோளாறு உண்டு. அது தாழ்வாக இருந்தால் பிள்ளை வயிற்றால் சாய்ந்துகொள்ளும். அது நிற்பதுபோல் தெரிந்தாலும் சாய்வுதான். மேசையின் விளிம்பு தொப்புளுக்கும் நெஞ்சுக்கும் இடையில் இருக்கட்டும். விளையாட்டுச் சாமானை நேர் முன்னால் வைக்காமல், கை எட்டுவதற்குச் சற்று அப்பால், ஒரு பக்கமாக வையுங்கள். அதை எடுக்கும்போது பாரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும். அந்த மாற்றத்துக்காகத்தான் இவ்வளவும்.

இருந்து எழும்பும் பயிற்சியிலும் கையைப் பிடித்து இழுப்பதே பிழை. எழும்புவதற்கு முதலில் முன்னுக்குக் குனிய வேண்டும். மூக்கு கால்விரலுக்கு மேலே வர வேண்டும். இழுத்துவிட்டால் அந்தக் குனிதல் நடக்காது. சோபா வேண்டாம், அது அமிழும். கெட்டியான பலகைக் கதிரை போதும். பாதம் முழுதும் தரையில் பட வேண்டும், முழங்காலைவிடச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். சாமானை முழங்கால் உயரத்தில் முன்னால் காட்டுங்கள். குனிந்ததும் மேலே உயர்த்துங்கள். இருக்கும்போது ‘தொப்’ என்று விழவிடாமல், மூன்று எண்ணும் நேரத்தில் மெல்ல இறங்கச் செய்யுங்கள். மெல்ல இறங்குவதுதான் தொடைத் தசைக்குக் கடினமான வேலை. ஐந்து தரம் செய்துவிட்டு ஓய்வு, மறுபடி ஐந்து. முதலில் உயரமான இருக்கை. நன்றாக வந்த பிறகு தாழ்த்துங்கள்.

கொழும்பு வீடுகளுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறோம். தரை முழுக்க டைல்ஸ். பிள்ளைக்கு கணுக்கால் தாங்கியை (பாதத்தையும் கணுக்காலையும் நேராகப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை) மட்டும் மாட்டி அந்தத் தரையில் நிற்க வைத்தால் பிளாஸ்டிக் வழுக்கும். ஒருமுறை சறுக்கிய பிள்ளை அடுத்த ஒரு மாதத்துக்கு உங்கள் சட்டையை விடாது. தாங்கிக்கு மேலே போட, இறப்பர் அடியுள்ள ஒரு சப்பாத்தை வீட்டுக்கென்றே வைத்திருங்கள். ஓர் அளவு பெரிதாக வாங்கி, உள் அட்டையை எடுத்துவிட்டால் பொருந்தும். மாட்டும்போது குதிக்காலை அடிவரை இறக்கி, கணுக்கால் பட்டியை முதலில் இறுக்குங்கள். குதிக்கால் மேலே நின்றால் தாங்கி உள்ளுக்குள்ளேயே முன்விரல் நடையைப் பழக்கும். நம் வெக்கைக்குப் பருத்திக் காலுறைதான் சரி. அது தாங்கியைவிட நீளமாக, சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும். நனைந்தால் மாற்ற வேண்டும். கழற்றி அரை மணித்தியாலம் கழிந்தும் சிவப்பு மறையவில்லையென்றால் தாங்கி அழுத்துகிறது. சரிசெய்யும் வரை போட வேண்டாம்.

சில்லு வைத்த குழந்தை வோக்கர் வேண்டாம். அதன் துணி இருக்கையில் உடம்பைத் தொங்கவிட்டு, முன்விரலால் உந்தி ஓடலாம். சமநிலைக்கு அங்கே வேலையே இல்லை. படிக்கட்டுள்ள மாடிவீட்டில் ஆபத்தும் கூட. கனடா இதை 2004இல் தடைசெய்தது. பிசியோதெரபிஸ்ட் அளந்து தரும், பின்புறம் சட்டமுள்ள நடைதாங்கி வேறு வகை. அது பிள்ளையை நிமிர்ந்து நடக்க வைக்கும்.

திடீரென்று தள்ளி ‘சமாளிக்கிறானா’ என்று சோதிப்பதையும் விடுங்கள். அதிர்ச்சியில் தசை இறுகும், பயம் ஏறும். பெரிய பந்தில் இருத்தி ஆட்டுவதும் அப்படித்தான்: கால் தரையில் படாத பந்து, வேகமான ஆட்டம், அழுகை. காற்றைச் சற்றுக் குறைத்து, பாதம் படும்படி வைத்து, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மட்டும் மெல்ல நகர்த்தினாலே பிள்ளையின் முதுகு பதில் சொல்லும். காலிமுகத்திடல் புல்லும் வெள்ளவத்தைக் கடற்கரை மணலும் நல்ல பயிற்சிக் களங்கள்தான். ஆனால் கெட்டித் தரையில் உறுதியாக நின்ற பிறகே அங்கே போக வேண்டும்.

எண்ணெய் தேய்த்துக் காலை நீட்டி மடக்குவதை மட்டும் சமநிலைப் பயிற்சி என்று நம்புவது பரவலான பிழை. பிள்ளைக்கு அது இதமாக இருக்கும்; அம்மம்மா தாராளமாகச் செய்யட்டும். ஆனால் பிள்ளை தானே அசையாதவரை மூளை எதையும் பழகாது. சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் பிழிந்தெடுப்பதைவிட நாளுக்கு இரண்டு மூன்று தரம், தரத்துக்குப் பத்து நிமிடம் செய்வது நல்லது. பல் தீட்டும்போது ஒரு கையை விட்டு நிற்பதும், காற்சட்டை போடும்போது சுவரைப் பிடித்து ஒரு காலைத் தூக்குவதும் கணக்கில் சேரும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பயிற்சியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 1997இல் வெளிவந்த ஜி.எம்.எஃப்.சி.எஸ். அளவீடு இந்தப் பிள்ளைகளின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. தானே நடக்கக்கூடிய முதல் நிலைப் பிள்ளை ஒற்றைக்காலில் நிற்பது பழக வேண்டும். பாதிப்புக் கூடிய நான்காம் நிலைப் பிள்ளைக்குக் கையூன்றாமல் உட்கார்ந்திருப்பதே இலக்காகலாம். உங்கள் பிள்ளை எந்த நிலை என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு எழுதி வையுங்கள். பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ ராகமை வைத்தியசாலைக்கோ நெரிசலில் ஓட்டோவில் போய் இறங்கும் பிள்ளை களைத்துப்போயிருக்கும். வீட்டில் செய்வதை அங்கே செய்யாது. இருந்து எழும்புவதையும் நிற்பதையும் கைபேசியில் பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிடம் படம்பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நேற்றுவரை நின்ற பிள்ளை நிற்க மறுத்தால் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு பயிற்சியைக் கூட்டாதீர்கள். உடை மாற்றும்போது தொடையை விரிக்க முடியாமல் போவது, ஒரு கால் குட்டையாகத் தெரிவது, இடுப்பை அசைத்தால் அழுவது ஆகியவை இடுப்பு மூட்டு விலகுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு, இடுப்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.