பெயர் வைக்க அவசரப்படாதீர்கள்: மண்ணில் கிடைத்த உலோகப் பொருளை அடையாளம் காண்பதில் நேரும் தவறுகள்

மெட்டல் டிடெக்டர் கத்துகிறது. ஒரு கட்டி மண்ணைப் புரட்டுகிறோம். பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ ஏதோ ஒன்று உள்ளங்கையில் கிடக்கிறது. அந்தப் பொருள் என்னவென்று என்றைக்காவது தெரியவருமா என்பது, அடுத்த பத்து நிமிடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்த இடத்தில் எனக்கு இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களைத் தவிர்த்து, நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வயல்களில் தேடலாம். நான் செய்த தவறுகளையும், கூட வந்தவர்கள் செய்யப் பார்த்த தவறுகளையும் எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தேய்த்துக் கழுவுவது. நம் வீடுகளில் பித்தளை என்றாலே புளிதான். களிம்பு ஏறிய குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கிப் பழகிய கை சும்மா இருக்காது. முதல் வருடத்தில் கிடைத்த ஒரு இடைவார்க் கொக்கியை அப்படித்தான் விளக்கினேன், பளபளவென்று வந்தது. பிறகு தொல்பொருள் அலுவலர் ஒருவர் அதை லென்ஸில் பார்த்துவிட்டு, என் விரல் எட்டாத ஒரு மூலையைக் காட்டினார். அங்கே கடுகளவு பொன்முலாம் ஒட்டியிருந்தது. மற்ற இடங்களில் இருந்ததெல்லாம் களிம்போடு உரிந்து சமையலறைத் தொட்டி வழியாகப் போய்விட்டது. அது இன்னும் எனக்கு வலிக்கிறது. பல நூற்றாண்டு மண்ணில் கிடந்த வெண்கலத்துக்கு அந்தப் பச்சைத் தோல்தான் முகம். எழுத்து, கீறல், முலாம் எல்லாம் அதில்தான் இருக்கும். புளியும் எலுமிச்சையும் வினிகரும் அதைக் கரைத்துவிடும்.

2009-இல் ஸ்டாஃபோர்ட்ஷையரில் கிடைத்த ஆங்கிலோ சாக்ஸன் தங்கப் புதையலைச் சுத்தம் செய்தவர்கள், உலோகக் கருவி பட்டால் தங்கத்தில் கீறல் விழும் என்று செடியின் முள்ளைக் கொண்டு மண்ணை எடுத்தார்கள். 2007-இல் ஹாரோகேட் அருகே ஒரு தந்தையும் மகனும் கண்டெடுத்த வெள்ளிக் கிண்ணத்தில் காசுகள் அடைத்துக் கிடந்தன. அவர்கள் கிளறாமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் மியூசியம் அதை எக்ஸ்ரே எடுத்து, பொறுமையாகப் பிரித்தது. வைக்கிங் காலத்துப் புதையல் அது. காசுகள் மட்டுமே 617. நமக்குத் தேவை மென்மையான பிரஷ், ஒரு சிறிய டப்பா, கொஞ்சம் பொறுமை. அவ்வளவுதான்.

அடுத்தது, பெயரை முதலில் வைத்துவிட்டு அதற்கு ஏற்ற சாட்சியைத் தேடுவது. இங்கே வயல்களில் உருண்டையான மணிகள் நிறையக் கிடைக்கும். மாட்டுக் கழுத்துச் சலங்கையைப் பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. எடுத்தவர் பத்துக்கு ஒன்பது தடவை ‘ரோமானியர் காலம்’ என்பார். அடிப்பக்கத்தில் ‘ஆர் டபிள்யூ’ என்ற எழுத்துகள் இருந்தால், அது வில்ட்ஷையரின் ஆல்ட்போர்ன் ஊரில் 18-ஆம் நூற்றாண்டில் மணி வார்த்த ராபர்ட் வெல்ஸ் பட்டறையின் வேலை. மறுபக்கமும் உண்டு. 2010-இல் கம்ப்ரியாவின் கிராஸ்பி காரெட் அருகே துண்டு துண்டாகக் கிடைத்த முகமூடித் தலைக்கவசத்தை, கண்டெடுத்தவர் முதலில் விக்டோரியா காலத்து அலங்காரப் பொருள் என்றே நினைத்தார். அது அசல் ரோமானியக் கவசம். அதே ஆண்டு ஏலத்தில் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது.

நடுவில் ஓட்டை போட்ட ஈய வட்டு இன்னொரு உதாரணம். தூண்டில் குண்டு, எடைக்கல், காசு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். முதலில் ஓட்டை சரியாக நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு குச்சியை இறுக்கமாகச் சொருகிப் பம்பரம்போல் சுழற்றுங்கள். தள்ளாடாமல் சுழன்றால், நூல் நூற்ற தக்களியின் வட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் கீழடியில் சுட்ட மண்ணால் செய்யப்பட்டுக் கிடைத்த அதே பொருள், இங்கே ஈயத்தில். கீழடிக் காட்சிப் பெட்டியைப் பார்த்திருந்த ஒரே காரணத்தால், என்னோடு வந்த வெள்ளைக்காரர் சொல்வதற்கு முன்பே நான் அதைச் சொல்ல முடிந்தது. சொல்லிவிட்டேனே தவிர, அதன் பிறகுதான் எடை போட்டேன். வரிசை தலைகீழ்.

டிடெக்டர் திரையில் வரும் எண்ணை நம்பி உலோகத்தைத் தீர்மானிப்பதும் தவறு. அந்த எண் மின்கடத்துத்திறனை மட்டுமல்ல, பொருளின் அளவையும் வடிவத்தையும் சேர்த்தே காட்டுகிறது. அதனால்தான் தங்க மோதிரமும் குளிர்பான டப்பாவின் அலுமினிய வளையமும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன. வீட்டில் செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. சமையலறை டிஜிட்டல் தராசில் பொருளின் எடையைக் குறியுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டுவது, பொருள் ஒதுக்கிய தண்ணீரின் எடை. 34 கிராம் பொருளுக்கு அது 3 கிராம் என்றால், 34-ஐ 3-ஆல் வகுக்க 11.3. அதுதான் பொருளின் அடர்த்தி. 11.3 என்றால் ஈயம். வெள்ளி 10.5, தூய தங்கம் 19.3, அலுமினியம் 2.7. தராசு பத்தில் ஒரு கிராம் காட்டினால்தான் இது நம்பத்தக்கது. உள்ளே பொள்ளலாக இருந்தாலும் கணக்கு தப்பும். ஈயமும் தங்கமும் தண்ணீரைத் தாங்கும். இரும்பையும் வெண்கலத்தையும் இப்படி முக்காதீர்கள். ஈயத்தைத் தொட்டால் கையைக் கழுவுங்கள்.

ஆழத்தை வைத்து வயதைச் சொல்வதும் வேண்டாம். கலப்பை மேல் மண்ணை வருடா வருடம் புரட்டுகிறது. ரோமானியக் காசும் போன வருடத்து டப்பா வளையமும் ஒரே சாணில் கிடக்கும்.

சரி, இடத்தைக் குறிக்காமல் விடுவது? இதை நான் தேய்ப்பதற்கு அடுத்தபடியாக வைப்பேன். 2010-இல் சாமர்செட்டின் ஃப்ரோம் அருகே ஒருவர் தோண்டும்போது பானை தென்பட்டது. அவர் நிறுத்திவிட்டுத் தொல்லியலாளர்களை அழைத்தார். 52,503 ரோமானியக் காசுகளை அடுக்கடுக்காக எடுத்தார்கள். அந்தக் காசுகளில் காலத்தால் கடைசி ஆட்சியாளருடையவை மேலே இல்லாமல், பெரும்பாலும் பாதிப் பானைக்குக் கீழே இருந்தன. வருடக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேமித்த உண்டியல் அல்ல, ஒரே தடவையில் கொட்டி நிரப்பியது என்று அதிலிருந்துதான் தெரிந்தது. வாளியில் அள்ளிக் கொட்டியிருந்தால் அந்தச் செய்தி போயிருக்கும். போனிலேயே ஜிபிஎஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் வைத்து, முன், பின், விளிம்பு மூன்றையும் எடுங்கள். கையில் வைத்து எடுத்த ஒரு மங்கல் படத்தை வைத்து எந்த நிபுணராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

நீண்ட, கனமான, துருப்பிடித்த உருளை ஒன்று வந்தால் அடையாளம் காண முயலவே வேண்டாம். தட்டாதீர்கள், தூக்காதீர்கள். விலகி நின்று போலீஸைக் கூப்பிடுங்கள். உலகப் போர்களில் வெடிக்காமல் போன குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன.

சட்டம் தெரியாமல் இருப்பதும் தவறுதான். இங்கிலாந்தில் சட்டம் புதையல் என்று சொல்லும் பொருள்கள், முக்கியமாக 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருள்கள் (தனிக் காசு நீங்கலாக), கிடைத்தால் 14 நாளுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றவற்றை, பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருள்களைப் பதிவு செய்ய 1997-இல் தொடங்கிய போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் திட்டத்தின் அலுவலரிடம் காட்டலாம். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் பெயர் கிடைக்காமல் போகலாம். அப்போது எதையாவது ஒன்றை ஒட்டிவிடுவது கடைசித் தவறு. பன்னிரண்டு முகமும் மூலைகளில் குமிழும் கொண்ட பொள்ளலான ரோமானிய வெண்கலப் பொருள் ஒன்று உண்டு. 1739-இல் முதலில் பதிவானதிலிருந்து நூற்றுக்கு மேல் கிடைத்துவிட்டன. 2023-இல் லிங்கன்ஷையரின் நார்ட்டன் டிஸ்னியில் முழுசாக ஒன்று வந்தது. எதற்குப் பயன்பட்டது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் ஒவ்வொன்றின் அளவையும் கிடைத்த இடத்தையும் குறித்து வைத்ததால் சில பதில்கள் தள்ளுபடியாகியிருக்கின்றன. ஒன்றின் அளவு இன்னொன்றுக்கு இல்லை. ஆகவே பொது அளவைக் கருவியாக இருந்திருக்க முடியாது. என் நோட்டிலும் 2 பொருள்களுக்கு நேரே எடை, நீளம், வயலின் எண் எழுதியிருக்கிறேன். பெயர் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது.