இரண்டாம் பாகத்தை எடைபோடுவது எப்படி? கிங்ஸ்மேனை வைத்து ஒரு செய்முறை

உளவாளி ஆக்‌ஷன் காமெடிப் படத்தின் இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது "எப்படி இருந்தது?" என்று யாராவது கேட்டால் எனக்கு நேரான பதில் வந்ததே இல்லை. உள்ளே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன், வாயைத் திறந்தால் குறைதான் வரும். வீட்டுக்குப் போய் யோசித்தால் அந்தக் குறைகளில் பாதி குறையே இல்லை என்று தோன்றும், நான் கவனிக்காமல் விட்ட வேறு ஒன்று உறுத்த ஆரம்பிக்கும். இப்படிப் பலமுறை தடுமாறிய பிறகு எனக்கென்று ஒரு முறை பிடிபட்டது. அதை 2017-இல் வந்த 'கிங்ஸ்மேன்: தி கோல்டன் சர்க்கிள்' படத்தை வைத்துச் சொல்கிறேன். பிடித்த விஷயங்களும் எரிச்சலும் இவ்வளவு சரிசமமாகக் கலந்த படம் கிடைப்பது அபூர்வம். கதையை முழுக்க உடைத்துத்தான் பேசப்போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் வேலையை இரண்டாம் பாகம் பார்ப்பதற்கு முன்பே செய்யவேண்டும். முதல் பாகம் உங்களுக்கு ஏன் பிடித்தது என்று ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள். "ஆக்‌ஷன் சூப்பர், காமெடி சூப்பர்" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை, எல்லாப் படத்துக்கும் அதை எழுதலாம். நான் எழுதியது இது: லண்டனில் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த எக்ஸி என்ற பையனை, சாவில் ரோ என்ற தெருவின் தையல்கடையில் ஒளிந்திருக்கும் கிங்ஸ்மேன் என்ற கனவான் உளவாளிகளின் கூட்டம் உள்ளே சேர்த்துக்கொள்ளும்போது, யார் கனவான் என்ற கேள்வியே தலைகீழாகிறது. கோட்டு, குடை, முரட்டு அடி எல்லாம் அந்தக் கேள்விக்கு மேலே போட்ட உடுப்பு. இந்த வரி கையில் இருந்தால் இரண்டாம் பாகம் எதைத் தொடர்கிறது, எதை வெறுமனே திரும்பச் செய்கிறது என்பது தானாகத் தெரியும். இல்லையென்றால் குடையைப் பார்த்ததுமே கைதட்டிவிடுவீர்கள், நானும் தட்டினேன்.

அடுத்து லாஜிக். பெரும்பாலான விமர்சனங்கள் தடம் மாறுவது இங்கேதான். இந்த வகைப் படத்தில் "இது எப்படி நடக்கும்?" என்பது கேட்கக்கூடாத கேள்வி. தொடக்கச் சண்டையில் லண்டன் டாக்ஸி ஒன்று ஹைட் பார்க் ஏரிக்குள் பாய்ந்து நீர்மூழ்கியாக மாறுகிறது. கம்போடியக் காட்டுக்குள் 1950-களின் அமெரிக்கக் கடைத்தெருவைக் கட்டி வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி போதைப்பொருள் சாம்ராஜ்யம் நடத்துகிறாள். இதையெல்லாம் ஓட்டை என்று குறித்துக்கொண்டிருந்தால் நோட்டுதான் நிறையும், டிக்கெட் வாங்கும்போதே இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டுதானே உள்ளே போகிறோம்.

கேட்கவேண்டியது வேறு: நடந்ததற்கு விலை உண்டா? முதல் பாகத்தில் எக்ஸியை அந்தக் கூட்டத்துக்குள் கொண்டுவந்த ஹாரியை (காலின் ஃபர்த்) தலையில் சுட்டதும் தியேட்டரே ஒரு கணம் அமைதியானது. அந்த அமைதிதான் அதுவரை நாம் சிரித்ததற்கெல்லாம் அடியில் ஒரு கனத்தைக் கொடுத்தது. இரண்டாம் பாகத்தில் 'ஆல்ஃபா ஜெல்' என்று ஒன்று வருகிறது. தலையில் குண்டு பாய்ந்தாலும் சுற்றி அப்பினால் ஆள் பிழைத்துவிடுவார், ஒரு கண்ணும் கொஞ்ச நாள் நினைவும் போகும், அவ்வளவுதான். அறிவியல்படி அது சாத்தியமா என்பது எனக்குத் தேவையே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு இந்தக் கதையில் யார் செத்தாலும் "ஜெல் இருக்கே" என்று மனசு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறது, அதுதான் சேதம். குறைப் பட்டியலில் நான் முதலில் எழுதுவது இதைத்தான், டாக்ஸியை எழுதவே மாட்டேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிலரைத் திருப்பிக் கொண்டுவருவதைப்போலவே, வேண்டாதவர்களை வாசலிலேயே கழற்றிவிடுவதும் இரண்டாம் பாகங்களின் பழைய பழக்கம். முதல் பாகம் முழுக்க எக்ஸிக்கு ஈடுகொடுத்த ராக்ஸி, ஏவுகணை விழுந்து ஆரம்பத்திலேயே போய்விடுகிறாள். நின்று அழக்கூட நேரம் தராமல் படம் நகர்கிறது. 1999-இல் வந்த, உளவாளிப் படங்களைக் கிண்டல் செய்யும் ஆஸ்டின் பவர்ஸின் இரண்டாம் பாகமும் இதே வேலையைச் செய்தது: முதல் பாகத்தில் ஆஸ்டின் கல்யாணம் செய்த வனெஸா ஒரு ரோபோ என்று சொல்லி, தொடக்கத்திலேயே வெடிக்க வைத்துவிட்டார்கள். ஆனால் அங்கே அந்த அநியாயமே ஜோக். "ஆமாம், கழற்றிவிட்டோம், இப்போது என்ன?" என்று நம் முகத்தைப் பார்த்துச் சொல்கிறமாதிரி இருக்கும். கோல்டன் சர்க்கிளுக்கு இரண்டுமே வேண்டியிருக்கிறது: நாம் துக்கப்படவும் வேண்டும், அதைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளவும் வேண்டும். கட்சிக்காரர் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்புகிற அவசரம் அது.

சரி, சண்டைக்கு வருவோம். உளவாளிப் படத்தில் சண்டைக்காட்சியை மதிப்பிடும்போது எவ்வளவு பிரமாண்டம் என்று பார்க்காதீர்கள், முடிந்த பிறகு என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். முதல் பாகத்தின் சர்ச் சண்டை ஏன் இன்னும் பேசப்படுகிறது? ஒரே ஷாட் மாதிரி ஒட்டியிருக்கும் கேமரா வேலை ஒரு காரணம்தான். ஆனால் அது முடிந்ததும் ஹாரி தன் கையாலேயே அத்தனை பேரைக் கொன்றிருக்கிறோம் என்று உணர்கிறார், ரசித்துக்கொண்டிருந்த நமக்கும் சேர்த்து வயிற்றைப் புரட்டுகிறது, வெளியே வந்ததும் அவரே சுடப்படுகிறார். அந்தச் சில நிமிடங்களுக்குப் பிறகு படமே வேறு படம். கோல்டன் சர்க்கிளின் டாக்ஸிச் சண்டையில் கேமரா காருக்குள்ளே போகிறது, வெளியே வருகிறது, சுற்றுகிறது, எல்லாம் கண்ணுக்கு விருந்து, எக்ஸியின் சட்டைதான் கடைசியில் சாக்கடையில் கெடுகிறது. எதிரி சார்லியின் இயந்திரக் கை காருக்குள்ளேயே தங்கிவிடுவது கதைக்கு உதவுகிறது என்பது உண்மை, அதற்கு அரை மதிப்பெண் போட்டுக்கொள்ளலாம்.

காமெடிக்கான சோதனை இன்னும் எளிது. அடியும் சிரிப்பும் ஒரே ஷாட்டில் இருக்கின்றனவா, இல்லை, அடித்து முடித்த பிறகு ஒரு வசனம் சொல்லிச் சிரிக்க வைக்கிறார்களா? இதைப் புரிந்துகொள்ள 2011-இல் வந்த 'ஜானி இங்கிலிஷ் ரீபார்ன்' துரத்தல் காட்சியைப் பாருங்கள். எதிரி சுவர் ஏறிக் குதித்து ஓடுவான், ரோவன் அட்கின்சன் நிதானமாக லிஃப்டில் இறங்கி வருவார், அவன் தாண்டும் தடையை இவர் கதவைத் திறந்து கடப்பார். நாயகனுக்கு வயதாகிவிட்டது என்ற உண்மையையே துரத்தலாக்கிவிட்டார்கள். இரண்டாம் பாகத்தில்தான் இப்படி ஒரு ஜோக் சாத்தியம், முதல் பாகத்தில் முடியாது. அதனால்தான் அதற்கு என் கணக்கில் மதிப்பு அதிகம்.

கோல்டன் சர்க்கிளிலும் அப்படி ஒன்று உண்டு, எனக்கு அந்தப் படத்திலேயே மிகவும் பிடித்த இடம் அது. முதல் பாகத்தில் ஹாரி மதுக்கடைக் கதவைத் தாழிட்டுவிட்டு, மரியாதைதான் மனிதனை ஆக்கும் என்று பாடம் நடத்தி ரவுடிகளை வெளுப்பாரே, அதே காட்சி கென்டக்கியில் திரும்ப வருகிறது. அதே வசனம், அதே நிதானம், குடையால் கண்ணாடிக் கோப்பையைத் தட்டி எறிகிறார், குறி தவறிவிடுகிறது. ஒரு கண் இல்லையே! அப்புறம் அவர் அடி வாங்குவதும், விஸ்கி என்ற பெயர்கொண்ட அமெரிக்க உளவாளி (பெட்ரோ பாஸ்கல்) சாட்டையையும் சுருக்குக் கயிற்றையும் எடுத்து வேலையை முடிப்பதும். பழைய காட்சியைத் திரும்பச் செய்வது குற்றமே இல்லை, திரும்பச் செய்யும்போது அதே ஆளால் அதைச் செய்ய முடியவில்லை என்று காட்டினால் அது புதுக் காட்சி. ஜெல்லால் கெடுத்த கனத்தில் கொஞ்சத்தை இந்த இடம் திருப்பித் தருகிறது என்றுகூடச் சொல்லலாம். இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை குழப்பம்தான்.

திரும்பச் செய்து கெட்டதற்கும் இதே படத்தில் உதாரணம் இருக்கிறது: பர்கர். முதல் பாகத்தில் வில்லன் வாலன்டைன், கனவான் ஹாரியை விருந்துக்கு அழைத்து வெள்ளித் தட்டில் கடைப் பர்கரைப் பரிமாறுவான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அளந்துகொண்டே சாப்பிடுவார்கள், பணம், வர்க்கம், ரசனை எல்லாம் அந்தத் தட்டில் இருக்கும். இரண்டாம் பாகத்தில் அந்தக் கம்போடியக் காட்டு வில்லி பாப்பி (ஜூலியன் மூர்) ஒருவனை விட்டு இன்னொரு ஆளை அரவை இயந்திரத்தில் தள்ள வைத்து, அந்த இறைச்சியில் பர்கர் செய்து தள்ளியவனையே தின்ன வைக்கிறாள். முகம் சுளிக்கிறோம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஜூலியன் மூர் என்னவோ பக்கத்து வீட்டு அக்கா மாதிரி சிரித்துக்கொண்டே பிரமாதமாகச் செய்கிறார். ஆனால் க்ளைமாக்ஸ்வரை அவரை அந்தக் காட்டைவிட்டு வெளியே விடவே இல்லை. நாயகனும் வில்லியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாத உளவாளிப் படத்தில் வில்லி தனிப்படம் நடித்துக்கொண்டிருப்பார். நடிகர் நன்றாகச் செய்தார் என்பதையும் பாத்திரம் நன்றாகப் பயன்பட்டது என்பதையும் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கணக்கு உதைக்கும்.

போஸ்டரில் புதிதாகச் சேர்ந்த முகங்களுக்கும் இதே கவனம் வேண்டும். சானிங் டேட்டம் துப்பாக்கியும் தொப்பியுமாக அட்டகாசமாக நுழைகிறார், கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் நீல நரம்போடி உறைநிலையில் படுத்துவிடுகிறார். ஜெஃப் பிரிட்ஜஸ் உட்கார்ந்தே பேசுகிறார். ஹேலி பெர்ரியின் ஜிஞ்சருக்குக் களத்தில் இறங்கவேண்டும் என்ற ஆசை இருக்கிறது, அதை விஸ்கி தடுத்துக்கொண்டே இருக்கிறார் என்று ஒரு நல்ல சரடு கிடைக்கிறது, அதைப் பிடித்து இழுக்கத்தான் ஆள் இல்லை. ஆஸ்டின் பவர்ஸில் வில்லன் டாக்டர் ஈவிலின் குட்டி நகலாக மினி-மீ வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். அவன் வந்ததும் டாக்டர் ஈவிலின் மகன் ஸ்காட்டுக்குப் பொறாமை பற்றிக்கொள்ளும், பழைய உறவு ஒன்று புதிதாகக் கோணிக்கொள்ளும். புதியவர் வந்ததால் பழையவர்களுக்குள் ஏதாவது மாறினால் அது சேர்க்கை, இல்லையென்றால் நெரிசல்.

நெரிசல் என்றதும் நீளம் ஞாபகம் வருகிறது. முதல் பாகம் 2 மணி 9 நிமிடம், இது 2 மணி 21 நிமிடம். பன்னிரண்டு நிமிடம் பெரிதில்லை என்று தோன்றும். வீட்டில் இரண்டாம் தடவை பார்க்கும்போது ஒரு வேலை செய்யுங்கள், எப்போதெல்லாம் உங்கள் கை தன்னால் போனுக்குப் போகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். என் கை போனது எல்லாம் இத்தாலியப் பனிமலைப் பகுதியிலும் அமெரிக்க அதிபர் வரும் காட்சிகளிலும்தான். பாடகர் எல்டன் ஜான் இறகு உடையில் எகிறி உதைக்கும்போது போகவில்லை. அது முழு அபத்தம் என்று ஒப்புக்கொள்கிறேன், இருந்தாலும் போகவில்லை, கை பொய் சொல்லாது.

வசூலைத் தராசில் ஏற்றவே ஏற்றாதீர்கள். கிங்ஸ்மேன் இரண்டு பாகங்களும் உலக அளவில் 40 கோடி டாலரைத் தாண்டின. அதை வைத்து இரண்டும் ஒரே தரம் என்று சொல்லிவிட முடியுமா என்ன.

ஒரு இடத்தில் மட்டும் தராசைக் கீழே வைத்துவிட்டுப் பேசவேண்டும். கிளாஸ்டன்பரி இசைவிழாக் காட்சியில் ஒரு பெண்ணின் உடலுக்குள் அவளுக்குத் தெரியாமல் கண்காணிப்புக் கருவியை வைக்கவேண்டும் என்று எக்ஸியை அனுப்புகிறார்கள், படம் அதை ஜோக்காக நீட்டுகிறது. என் பக்கத்தில் இருந்த மாமா பெண் அதுவரை என்னைவிடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தவள், அங்கே நிறுத்தினாள். முதல் பாகத்தின் கடைசியில் ஒரு மலிவான ஜோக்குக்குப் பயன்பட்ட இளவரசி டில்டாவை இரண்டாம் பாகம் எக்ஸியின் உண்மையான காதலியாக்கியது நல்ல திருத்தம். அந்தத் திருத்தத்தைச் செய்த கையோடு இப்படி ஒன்று. "மற்றபடி ஜாலியான படம்" என்று எழுதி இதை அதற்குள் கரைத்துவிடக்கூடாது. ஒரு படம் ஜாலி என்பதும் இந்த இடம் அருவருப்பு என்பதும் ஒன்றையொன்று கழிக்காது, இரண்டையும் அப்படியே எழுதுங்கள். பிடித்ததில் பிடிக்காததைக் கழித்து ஐந்துக்கு மூன்று என்று போடுவதால்தான் எல்லா விமர்சனமும் ஒரே மாதிரி இருக்கிறது.

அப்படியென்றால் கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது? யார் கேட்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள். முதல் பாகத்தில் சண்டைதான் பிடித்தது என்றால் "போ, ஏமாற மாட்டாய்". எக்ஸி அந்தக் கோட்டுக்குள் நுழைந்த கதைதான் பிடித்தது என்றால் "கொஞ்சம் மனசு சங்கடப்படும், தயாராகப் போ". குடும்பத்தோடு போகலாமா என்று அத்தை கேட்டால் பர்கரையும் இசைவிழாவையும் சொல்லிவிடுங்கள், அவர் முடிவு செய்துகொள்வார்.

என்னைக் கேட்டால், கிங்ஸ்மேன் கூட்டத்தின் மெர்லின் (மார்க் ஸ்ட்ராங்) கண்ணிவெடிமேல் காலை வைத்துக்கொண்டு ஜான் டென்வரின் 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' பாட்டை உரக்கப் பாடுகிறாரே, அதற்காக மறுபடியும் பார்ப்பேன். ஜெல் எல்லாச் சாவையும் மலிவாக்கிவிட்டது என்று மேலே சட்டம் பேசினேன், இந்த ஒரு சாவில் அந்தச் சட்டம் எனக்கு வேலை செய்யவில்லை, தொண்டை அடைத்தது. ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் கம்போடியாவில் நின்று மேற்கு வர்ஜீனியாவுக்காக உருகுகிறார், சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. அது முடிந்ததும் ரோபோ நாய்கள் வரும், அதை நான் ஓட்டிவிடுவேன்.