வெயிலுக்கு முகம் காட்டாதீர்கள்: வெளியில் குடும்பப் படம் எடுக்கும் முறை

வெளியில் எடுக்கும் குடும்பப் படங்கள் கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். "வெளிச்சம் முகத்தில் படணும்" என்று எல்லோரையும் வெயிலைப் பார்த்து நிற்க வைத்துவிடுகிறோம். கண் இடுங்குகிறது, மூக்கின் நிழல் உதட்டில் விழுகிறது, பட்டுப்புடவையின் சரிகை வெளுத்துப் போகிறது. தலைக்கு மேல் ஒரு மறைப்பு, முகத்துக்கு எதிரே திறந்த வானம். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் சாதாரண போனிலேயே அருமையான படம் வரும்.

1. நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

காவிரி டெல்டாவில் சூரியன் சரசரவென்று மேலே ஏறிவிடும். ஆண்டு முழுக்க உதயம் ஏறத்தாழ 5:50-க்கும் 6:40-க்கும் இடையில்தான். அதிலிருந்து ஒரு மணி நேரம் போனால் இளவெயில் முடிந்தது. மாலையில் அஸ்தமனத்துக்கு முந்தைய 45 நிமிடமும், சூரியன் இறங்கிய பிறகு 10 நிமிடமும் நல்ல நேரம். பத்துப் பேர் கூடும் குடும்பம் என்றால் எல்லோரையும் அரை மணி முன்னதாகவே தயாராக இருக்கச் சொல்லுங்கள். பூ வைத்து, குழந்தைக்குச் சட்டை மாற்றி முடிப்பதற்குள் வெளிச்சம் போய்விடும்.

உச்சி வேளையைத் தவிருங்கள். சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் தஞ்சாவூர்ப் பக்கம் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். கண்குழி கறுப்பாகிவிடும்.

2. திண்ணையில் தொடங்குங்கள்

பழகுவதற்குத் திண்ணையை விட நல்ல இடம் கிடையாது. தாழ்வாரம் மேல் வெளிச்சத்தை மறைக்கிறது, தெருப்பக்கம் வானம் திறந்திருக்கிறது, பின்னால் ரேழியின் (வாசலை அடுத்த நடையின்) இருட்டு. கிழக்குப் பார்த்த வீடு என்றால் மாலையில் எடுங்கள், மேற்குப் பார்த்தது என்றால் காலையில்.

பாட்டியைத் திண்ணை விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே உட்கார வையுங்கள். இன்னும் உள்ளே போனால் முகம் மங்கும். முன்னால் வந்தால் முழங்காலில் மட்டும் வெயில் அடித்து அந்த இடம் பளிச்சென்று வெளுக்கும். இப்போது பாட்டியின் கண்ணைக் கிட்டத்தில் பாருங்கள். கருவிழியின் மேல்பாதியில் சின்ன வெள்ளைப் பொட்டு ஒன்று மின்ன வேண்டும். அது வானத்தின் பிரதிபலிப்பு. பொட்டு இல்லையென்றால் முகத்தை மெதுவாகத் தெருப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் சட்டென்று கண் உயிர் பெறும். அங்கே நிறுத்துங்கள். எங்கே போய் எடுத்தாலும் இந்தப் பொட்டைத் தேடுங்கள்.

கண்ணுக்குக் கீழே கருமை தெரிந்தால் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் தெர்மாக்கோல் அட்டை ஒன்றை மடியருகே, படத்தில் விழாதபடி பிடிக்கச் சொல்லுங்கள். வெள்ளை வேட்டியை நான்காக மடித்துப் பிடித்தாலும் அதே பலன்.

3. மரம், வயல், ஆறு, கடல்

தென்னந்தோப்பு கண்ணுக்கு அழகு, படத்துக்கு ஆபத்து. கீற்றின் நிழல் முகத்தில் வரி வரியாக விழும். புங்கமரமோ மாமரமோ பாருங்கள், நிழல் அடர்த்தியாக இருக்கும். நடு நிழலில் நிறுத்தாமல் நிழல் முடியும் ஓரத்தில், வெட்டவெளியைப் பார்த்து நிறுத்துங்கள்.

பச்சை வயலுக்குள் இறங்கி நின்றால் பயிரின் பச்சை தாடைக்கடியில் ஏறி முகம் சோகை பிடித்த மாதிரி தெரியும். மண் பாதையில் நிறுத்தி, பயிருக்கும் ஆட்களுக்கும் நடுவே பத்தடி விடுங்கள்.

காவிரி மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது; அதன் கிளைகளான அரசலாறும் குடமுருட்டியும் பெரும்பாலும் அப்படித்தான். மாலையில் நீங்கள் மேற்கே பார்த்து எடுத்தால் சூரியன் குடும்பத்தாரின் முதுகுப்பக்கம் இருக்கும்: முடியோரம் பொன்னாக மின்னும், தண்ணீர் தகதகக்கும். கிழக்கே பார்த்து எடுத்தால் மஞ்சள் வெயில் நேராக முகத்தில். கண் கூசாத கடைசி 15 நிமிடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் திறந்துவிட்ட காலத்தில் படித்துறையின் கீழ்ப்படிகள் பாசியில் வழுக்கும். ஆற்றுக்கு முதுகு காட்டிக் குழந்தைகளை அங்கே நிறுத்தவே கூடாது.

பூம்புகாரிலும் தரங்கம்பாடியிலும் கடல் கிழக்கே. கடல் பின்னணி வேண்டுமென்றால் காலையில் சூரியன் முதுகுப்பக்கம், மாலையில் முகத்துப்பக்கம் என்று கணக்கு வையுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது வெறும் கதை. மாலை 4 மணிக்கு மேல் கிழக்கு முற்றத்தில் நீளமாகக் கிடக்கும். அந்த நிழலில் குடும்பத்தை நிறுத்துங்கள். சுற்றியுள்ள கல்தரை வெளிச்சத்தைக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பித் தரும். கோடையில் கல் சுடும், ஐந்து மணிக்கு மேல் போவது பாதத்துக்கு நல்லது.

4. போனில் செய்ய வேண்டியவை

லென்ஸைத் துடையுங்கள். விரல் பிசுக்கு இருந்தால் எதிர்வெயிலில் படம் முழுக்கப் புகை மூட்டம்போல் வரும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் பனி படியும். தானாக விலகப் பத்து நிமிடம் விடுங்கள்.

ஃபோகஸுக்குத் திரையில் முகத்தைத் தொட்டு, விரலை எடுக்காமல் அழுத்திப் பூட்டுங்கள். வேட்டியில் தொட்டால் வெள்ளையைப் பார்த்து போன் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகங்கள் இருண்டுபோகும். எதிர்வெயிலில், திரையில் வெளிச்சத்தைக் கூட்டும் சூரியக் குறியை ஒரு துளி மேலே தள்ளுங்கள். முகத்தை வெளுக்க வைக்கும் பியூட்டி அமைப்பை அணைத்துவிடுங்கள். கறுத்த முகம் அதன் மினுமினுப்போடு அப்படியே வரட்டும், அதுதான் அழகு. ஜூமில் 0.5 அகலக் கோணமும் வேண்டாம். ஓரத்தில் நிற்கும் சித்தப்பா இழுபட்டுப் பருமனாகத் தெரிவார். 1-இல் வைத்து 12 முதல் 15 அடி பின்னால் போங்கள்.

கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸ் துவாரத்தை ஒரு வரிசைக்கு எஃப் 5.6, இரண்டு வரிசைக்கு எஃப் 8 என்று வையுங்கள்; ஷட்டர் வேகம் 1/250 நொடி, ஐ.எஸ்.ஓ (ஒளியுணர்திறன்) ஆட்டோவில். நிழலில் முகம் நீலம் பாய்ந்தால் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன்) 'நிழல்' என்று மாற்றுங்கள்.

5. நிறுத்தி எடுப்பது

பெரியவர்கள் நடுவில் நாற்காலியில், பிள்ளைகள் மடியில், உயரமானவர்கள் பின்னால். வெயிலில் கறுக்கும் கண்ணாடி போட்டவர்கள் அதைப் பெட்டியிலேயே வைத்திருந்து கடைசி நொடியில் மாட்டிக்கொள்ளட்டும். சாதாரணக் கண்ணாடியில் வானம் வெள்ளையாகத் தெரிந்தால் தாடையை இரண்டு விரல் அளவு தாழ்த்தினால் போதும். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, "மூணு" என்றதும் திறக்கச் சொல்லுங்கள். விடாமல் வரிசையாகப் பத்துப் படம் எடுங்கள். கூட்டம் பெருகப் பெருக யாராவது ஒருவர் இமைத்துக்கொண்டேதான் இருப்பார்.

ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் நாள் முழுக்க மென்மையான வெளிச்சம். ஆனால் அது மேலிருந்து வருவது. ஒரு படி மேலேறி நின்று, அவர்களைச் சற்று அண்ணாந்து பார்க்கச் சொல்லி எடுங்கள். வெளிறிய வானத்தைச் சட்டத்துக்குள் விடாதீர்கள்.

எடுத்து முடித்ததும் யாரையும் கலைய விடாதீர்கள். படத்தைப் பெரிதாக்கி, குடும்பத்தில் மூத்தவரின் கண் கூர்மையாக இருக்கிறதா, வெள்ளைப் பொட்டு தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் உடனே இன்னொரு முறை எடுங்கள்.