குடும்ப ஜெபமும் சபை ஊழியமும்: சீஷத்துவம் பழகும் விதம்

சீஷத்துவத்தை, அதாவது இயேசுவின் சீஷராய் அவரைப் பின்பற்றி வாழ்வதை, பழக முதல் இடம் வீடே ஆகையால், இரவுச் சாப்பாட்டுக்கு முன் தொலைக்காட்சியை அணைத்து, பாய் விரித்து, ஒரு கீர்த்தனை, ஒரு வேதபகுதி, ஒரு சிறு ஜெபம் என்ற அளவில் குடும்ப ஜெபத்தை நடத்துங்கள். வாசிப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்து, வாசித்ததில் மறுநாள் செய்யக்கூடிய ஒன்றை ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லுங்கள். அப்பாவின் நீண்ட ஜெபத்தில் பிள்ளைகள் தூங்கிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பகலில் மனைவியையோ மாமியாரையோ கடிந்து பேசியிருந்தால், ஜெபத்துக்கு முன்பே மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

சமைக்கும்போது கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் பிள்ளையின் கையாலேயே போடச் செய்து, ஞாயிறன்று ஆலயத்தில் படையுங்கள். 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், இந்நாட்டுச் சபையாரின் காணிக்கையை நம்பியே ஊழியத்தில் இறங்கியது. சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையில் பந்தியில் உட்காரும் முன் பரிமாறவும் இலை எடுக்கவும் பெயர் கொடுங்கள். நடமாட முடியாத முதியவர்களுக்குச் சோற்றை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.