டெட் லாஸோவில் எந்த எபிசோடைப் போட்டுக் காட்டுவது?

வடசென்னையில், வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ கால்பந்து ஆடுகிற பிள்ளைகள் உள்ள வீட்டில் டெட் லாஸோ என்கிற ஆங்கில நகைச்சுவைத் தொடரைப் போடுவது வேறு, ஆட்டமே தெரியாத வீட்டில் போடுவது வேறு. தொடரின் நாயகன் டெட்டுக்குக் கால்பந்தின் ஆஃப்சைட் விதி என்றால் என்னவென்று தெரியாது. முல்லை நகர் மைதானத்துப் பொடியனுக்கு அது தெரியும். கையில் பந்தை எடுத்து ஆடுகிற அமெரிக்க ஃபுட்பாலின் கோச் ஒருவர் லண்டன் கால்பந்து கிளப்புக்குப் பயிற்சியாளராக வந்து தடுமாறுவதுதான் முதல் எபிசோடின் நகைச்சுவை. ஆட்டம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பதற்குள் “இப்படி ஒருத்தனை யார் வேலைக்கு வைப்பாங்க?” என்று வாதம் கிளம்பிவிடும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், “முதல்ல இருந்து பாரு” என்பது உதவாது. பொறுக்கித்தான் போட வேண்டும்.

மூன்று சீசனையும் பார்த்து முடித்து, பிடித்துப்போய், நண்பர்களுக்கும் வீட்டாருக்கும் காட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். கதை முழுக்க வெளிப்படும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

2020 ஆகஸ்டிலிருந்து 2023 மே வரை வந்த எபிசோடுகள் 34. முதல் சீசனில் 10, அடுத்த இரண்டிலும் 12, 12. முதல் சீசனில் எல்லாமே அரை மணி நேரத்தை ஒட்டி முடியும். இரண்டாவதில் கொஞ்சம் நீளும், மூன்றாவதில் முக்கால் மணிக்குக் குறைவது அரிது. கடைசி எபிசோட் ஒன்றேகால் மணி நேரம் ஓடும். பொறுக்கும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும். இடைவேளை போக இரண்டேகால், இரண்டரை மணி நேரம்தான் ஒரு கூட்டம் உட்காரும். அதற்குள் நாலு எபிசோட் அடங்கும், ஐந்தாவதை நுழைத்தால் பாதிப் பேர் போனை எடுத்துவிடுவார்கள்.

முதல் வேலை, ஆப்பிள் டிவி ஆப்பைத் திறக்காமல் ஒரு நோட்டில் நினைவில் நிற்பதையெல்லாம் எழுதுவது. எழுதி முடித்துப் பார்த்தால் பெரும்பாலும் எபிசோடாக இருக்காது, காட்சியாகத்தான் இருக்கும். ஆட்டக்காரன் டானி ரோஹாஸ் “ஃபுட்பால் இஸ் லைஃப்!” என்று கத்திக்கொண்டு ஓடிவருவது, முன்னாள் ஆட்டக்காரர் ராய் கென்ட் டிவி ஸ்டுடியோவிலிருந்து எழுந்து மைதானத்துக்கு ஓடுவது, இப்படி. இனிமேல் ஆப்பைத் திறந்து ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் அது எந்த எபிசோட் என்று குறியுங்கள். உங்கள் காட்சிகளில் இரண்டு மூன்று ஒரே எபிசோடில் வந்து விழுந்தால் அது அடுத்த சுற்றுக்குப் போகும். ஒரே ஒரு காட்சிக்காக ஒரு எபிசோடைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. ராய் ஓடிவருகிற ‘ரெயின்போ’ (இரண்டாம் சீசனின் ஐந்தாவது) அப்படிப்பட்டது. முதல் சீசனில் அந்த மனிதர் முழங்கால் போய் ஆட்டத்தை விட்டதைப் பார்த்தவர்களுக்குக் கண் கலங்கும். புதிதாகப் பார்ப்பவருக்குத் தாடிக்காரர் ஒருவர் அவசரமாக எங்கேயோ போகிறார், அவ்வளவுதான்.

அடுத்தது முன்கதைச் சோதனை. எபிசோட் தொடங்குமுன் நீங்கள் சொல்ல வேண்டிய முன்கதையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டு வாக்கியத்தில் முடிந்தால் வைத்துக்கொள்ளலாம். நாலாவது வாக்கியத்துக்குப் போனால் அடித்துவிடுங்கள். இந்தச் சோதனையில் முதலில் விழுவது சீசன் முடிவுகள் மூன்றும்தான். இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடைப் புரியவைக்க, ஜெர்சி துவைத்துக்கொண்டிருந்த நேட் எப்படி உதவி கோச் ஆனான், எங்கே முகம் மாறத் தொடங்கினான் என்று ஒரு சீசன் கதையையே சொல்ல வேண்டும். ரேட்டிங் பார்த்துப் பொறுக்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கடைசி வரை வந்து நட்சத்திரம் போடுகிறவர்கள் ஏற்கெனவே ரசிகர்கள். உங்கள் மொட்டை மாடியில் உட்காரப் போகிறவர்கள் அவர்கள் இல்லை. முதல் சீசன் முடிவில் ரிச்மண்ட் டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்குவதன் வலிகூட எல்லோருக்கும் ஒரே மாதிரி எட்டாது. சென்னை லீக்கில் டிவிஷன் ஏறி இறங்குவதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று உறைக்கும். ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) மட்டும் பார்த்து வளர்ந்தவருக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது சோதனைதான் முக்கியம். சிரிப்பும் வலியும் ஒரே இடத்திலிருந்து வருகிறதா என்று பாருங்கள். சிரிப்புக்கு ஒரு கதை, அழுகைக்கு ஒரு கதை என்று தனித்தனியாக ஓடும் எபிசோட் பார்க்க நன்றாக இருக்கும், மனதில் தங்காது. சேர்ந்து வருவதற்கு முதல் சீசனின் எட்டாவது, ‘தி டயமண்ட் டாக்ஸ்’, நல்ல உதாரணம். கிளப் உரிமையாளர் ரெபெக்காவின் முன்னாள் கணவர் ரூபர்ட், பப்பில் டெட்டை, பலகையில் அம்பு எறிகிற டார்ட்ஸ் ஆட்டத்துக்கு இழுக்கிறார். ரூபர்ட் ஜெயித்தால் கடைசி இரண்டு மேட்சுக்கு யார் ஆட வேண்டும் என்பதை அவர் முடிவு செய்வார். டெட் ஜெயித்தால், ரெபெக்கா இருக்கும்வரை அவர் ஓனர் பாக்ஸ் பக்கமே வரக் கூடாது. டெட் வலது கையால் சுமாராக எறிகிறார். பிறகு, தான் இடது கைக்காரன் என்பதே மறந்துபோய்விட்டது என்கிறார். கூட்டம் சிரிக்கிறது, நாமும் சிரிக்கிறோம். ஜெயிக்க 170 வேண்டும், அதாவது இரண்டு டிரிபிள் 20 (தலா 60), ஒரு புல்ஸ்ஐ (பலகையின் நடுப்புள்ளி, 50). ஒவ்வொரு அம்புக்கும் நடுவில் பேசிக்கொண்டே போகிறார்: என்னை மட்டம் தட்டியவர்கள் யாருமே என்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை, கேட்டிருந்தால், பத்து வயதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவோடு டார்ட்ஸ் ஆடியவன் என்று சொல்லியிருப்பேன், பதினாறு வயதில் அவர் இறக்கும் வரை. அந்தக் கடைசிச் சொல் போகிற போக்கில் வந்து போகிறது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இறங்கிவிடும்.

இதை எட்டாவதோடு நிறுத்தாமல், அன்று மாலையே இரண்டாம் சீசனின் எட்டாவதையும் போடுங்கள். ‘மேன் சிட்டி’ என்பது பெயர், முக்கால் மணி நேரம். வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் ரிச்மண்ட் 5-0 என்று தோற்கிறது. டீமின் நட்சத்திர ஆட்டக்காரன் ஜேமியின் அப்பா டிரெஸ்ஸிங் ரூமுக்குள் வந்து மகனை எல்லோர் முன்னாலும் கேவலப்படுத்துகிறார். அதுவரை ஜேமியைக் கண்டாலே ஆகாத ராய் போய் அவனைக் கட்டிப்பிடிக்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்த டெட் வெளியே போய், டீமின் மனநல ஆலோசகர் டாக்டர் ஷாரனுக்குப் போன் போட்டு, தன் அப்பா தற்கொலை செய்துகொண்டதைச் சொல்கிறார். டார்ட்ஸ் ஆட்டத்தில் சொன்ன அதே அப்பா. நடுவில் உள்ள எபிசோடுகளைப் பார்க்காதவர்களுக்கும் இந்த முடிச்சு புரியும், ஆனால் வரிசை மாறக் கூடாது. வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு இழப்பு இருந்தால் இதைப் போடாதீர்கள், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பதிலுக்கு இரண்டாம் சீசனின் நாலாவது, ‘கேரல் ஆஃப் தி பெல்ஸ்’ போடலாம். ஊருக்குப் போக முடியாத வெளிநாட்டு ஆட்டக்காரர்களை கிளப் நிர்வாகி ஹிக்கின்ஸ் தன் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார். ஒருவர் பின் ஒருவராக வந்து வீடு நிறைகிறது. ராயபுரத்தில் பண்டிகை அன்று கதவைத் திறந்தே வைத்திருக்கிற வீடுகளுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

வடசென்னையில் கட்டாயம் போட வேண்டியது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், தயங்காமல் இரண்டாம் சீசனின் மூன்றாவதைச் சொல்வோம். பெயர் ‘டூ தி ரைட்-எஸ்ட் திங்’. நைஜீரியாவிலிருந்து வந்த சாம் ஒபிசான்யாவை ஸ்பான்சர் விமான நிறுவனத்தின் விளம்பரத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். மகிழ்ச்சியாக அப்பாவிடம் சொல்கிறான். அந்த நிறுவனத்தின் தாய் நிறுவனம் நம் ஊரில் எண்ணெய் கொட்டி நாசம் செய்தது என்று அப்பாவிடமிருந்து பதில் வருகிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது கரைக்கு வந்த எண்ணெயைப் பிள்ளைகள் வாளியில் அள்ளியதைப் பார்த்த ஊர் இது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, படகும் வலையும் கறுத்துப்போனதையும் பார்த்தது. சாமின் அப்பா அனுப்பிய பதிலுக்கு இங்கே அடிக்குறிப்பு தேவையில்லை.

மேட்சுக்கு முன் சாம் கறுப்பு டேப்பை எடுத்து ஜெர்சியில் உள்ள ஸ்பான்சர் பெயர்மேல் ஒட்டுகிறான். மற்ற நைஜீரிய ஆட்டக்காரர்களும் ஒட்டுகிறார்கள். பிறகு ஜேமி டேப்பைக் கேட்கிறான்: நாம ஒரே டீம்தானே, ஒரே ஜெர்சிதான் போடணும். இந்த வரி வேலை செய்ய, ஜேமி டீமை விட்டுப்போய்த் திரும்பி வந்தவன், அவனை அங்கே யாருக்கும் பிடிக்காது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் தொடங்குமுன் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். சாம் யார் என்பதை எபிசோடே சொல்லும்.

பந்து ஆடுகிற பிள்ளைகள் கூட்டத்தில் அதிகம் இருந்தால், தொடக்கத்துக்கு முதல் சீசனின் ஆறாவது, ‘டூ ஏசஸ்’ பொருத்தம். டானி வந்து சேர்வது இதில்தான். காயம் என்று சொல்லி ஜேமி ப்ராக்டிஸுக்கு வராமல் உட்கார, டெட் கோபப்படுவதை முதன்முறையாகப் பார்க்கிறோம். ப்ராக்டிஸுக்கு டிமிக்கி கொடுக்கிற திறமைசாலி எந்த டீமில்தான் இல்லை? பெரியவர்கள் அதிகம் என்றால் அதற்குப் பதில் மூன்றாவது, ‘ட்ரென்ட் கிரிம்: தி இண்டிபெண்டண்ட்’. கிண்டலாக எழுத வந்த பத்திரிகையாளரை டெட் ஓர் இந்திய உணவகத்துக்குக் கூட்டிப்போய், காரம் தாங்காமல் திணறியும் தட்டைக் காலி செய்கிற எபிசோட். சமைத்தவர் மனம் நோகக் கூடாது என்று சாப்பிடுவதை நம் வீட்டுப் பெரியவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

மூன்றாம் சீசனை ஒரு நாள் கூட்டத்துக்குப் பரிந்துரைக்க மாட்டோம். ஏழாவதில், எல்லோரும் எல்லா இடத்திலும் ஆடுகிற டோட்டல் ஃபுட்பால் பழகுவதும், உடைக்கப்பட்ட சாமின் உணவகத்தை டீமே வந்து சீர்செய்வதும் அருமை. ஆனால் அதே எபிசோடில் ஆட்டக்காரர்களைக் கயிற்றால் பிணைக்கிற ப்ராக்டிஸ் காட்சி அம்மா, அத்தை பக்கத்தில் இருந்தால் சங்கடம். பொதுவாகவே ராய் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான், எந்த எபிசோடிலும் அதைத் தவிர்க்க முடியாது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்தத் தொடரே வேண்டாம்.

ஆக வரிசை இது: டூ ஏசஸ் அல்லது ட்ரென்ட் கிரிம், பிறகு டயமண்ட் டாக்ஸ், இடைவேளை, சாமின் எபிசோட், கடைசியில் மேன் சிட்டி. முந்தின நாளே நாலையும் டவுன்லோடு செய்து, ஒவ்வொன்றிலும் சப்டைட்டில் வருகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். ஜேமியின் மான்செஸ்டர் உச்சரிப்பும் ராயின் முனகலும் ஆங்கிலம் தெரிந்தவருக்கே பிடிபடாது. ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வைக்காமல் ஆட்கள் பக்கம் கொண்டுவாருங்கள். கூட்ஸ் வண்டி போகிற நேரத்தில் பேச்சு காதில் விழாவிட்டால் டார்ட்ஸ் காட்சி மொத்தமும் வீண்.

ஆட்டோ பிளேயை அணைத்து வையுங்கள். மேன் சிட்டி முடிந்ததும் தானாகத் தொடங்குவது ‘பியர்ட் ஆஃப்டர் அவர்ஸ்’. உதவி கோச் ஒருவர் ராத்திரி முழுக்க லண்டனில் அலைகிற, வேறு மாதிரியான எபிசோட். டெட்டின் போன் அழைப்பு முடிந்த கையோடு அது திரையில் வந்தால், பார்த்தது கலைந்துபோகும். யாராவது மிச்சத்தையும் பார்க்க வேண்டும் என்று கேட்டால், அவர்களுக்கு முதல் சீசனின் முதல் எபிசோடைச் சொல்லுங்கள். இப்போது அந்த ஆஃப்சைட் ஜோக்குக்கு அவர்கள் வாதம் செய்ய மாட்டார்கள்.